கம்பியை மாற்றிப் போட்டவர்

உட்காருங்கள் அக்கா, தாராளமாக உட்காருங்கள். இந்த ஓரத்து இடம் காலிதான். ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறதே, அதுதான் ஆள் மாதிரி. அது என் கிட்டார். நான் நடுவில் இருந்துகொள்கிறேன். வத்தலக்குண்டில் ஏறும்போதே கண்டக்டரிடம், "அண்ணே, இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுருங்க" என்று சொன்னேன். அவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டார். பின் சீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் டிக்கெட் வாங்கிவிட்டேன். நடுவழியில் செக்கிங் ஏறிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? எனக்கு அந்த மாதிரிப் பயங்கள் நிறைய உண்டு.

உங்களுக்கு மலை ஏறினால் குமட்டுமா? எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறீர்கள், நல்லது, மோந்துகொண்டே வாருங்கள். நான் பேசிக்கொண்டே வருகிறேன். உண்மையைச் சொன்னால் இன்றைக்கு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஒரு காரியம் செய்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கிட்டார்.

என் பெயர் ராஜமீனா. சாத்தூர். பி.எஸ்சி. கணிதம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, தாலுகா ஆபீசில் முத்திரை போட்டுச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் நிறம் சரிபார்க்கிறேன். லட்சுமியின் முகம் பச்சையடித்து வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்கிற ஆள் நான். முதல் மாதம் நிறுத்தச் சொல்லவே பயம். இரண்டு தடவை லட்சுமி பச்சையாகவே போய்விட்டாள்.

கிட்டார் எப்படி வந்தது என்கிறீர்களா? மதுரையில் ஹாஸ்டலில் படிக்கும்போது என் ரூமில் பெனிட்டா என்று ஒருத்தி இருந்தாள், அவளிடம் ஒன்று இருந்தது. அவள் குளிக்கப் போகிற நேரத்தில் நான் எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். கேட்டுவிட்டுத்தான், கேட்காமல் எடுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சங்கடம். நான் இடது கைக்காரி. எங்கள் ஊரில் நொட்டாங்கை என்பார்கள். எல்லோரும் வலது கையால் கம்பியை மீட்டி, இடது கையால் கழுத்தைப் பிடிப்பார்கள் இல்லையா? எனக்கு அது அப்படியே திருப்பி. அதனால் அவள் கிட்டாரை நான் தலைகீழாகப் பிடிப்பேன். தடிக்கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி இருக்கும். பெனிட்டா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து, "என்னடி, பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்க" என்பாள். ஆனால் போனில் பாடம் பார்க்கும்போது எனக்குத்தான் சுகம். எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவரின் கையும் என் கையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஒரே பக்கம் அசையும். மற்றவர்கள் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வேலை இல்லை. வாழ்க்கையில் இடது கைக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து எனக்கே எனக்கென்று ஒன்று வாங்கலாம் என்று துணிந்தேன். பெருமாள்மலையில் ஜெசிந்தா என்று ஒரு அக்கா, கையாலேயே கிட்டார் செய்கிறவர். வருடத்துக்கு ஆறுதான் செய்வார். பெனிட்டாதான் சொன்னாள். இதே பஸ்ஸில் போனேன். அவர் ஒரு நூலை எடுத்து என் கையை அளந்தார். கட்டைவிரலை, உள்ளங்கையை, ஒவ்வொரு விரலையும். தையல்காரர்கூட எனக்கு அவ்வளவு அளவு எடுத்ததில்லை. அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். பெயர் என்று போட்டிருந்த இடத்தில், 'கி. ராஜமீனா, பி.எஸ்சி.' என்று எழுதினேன். எழுதிப் பழகிவிட்டது. அவர் அதை அப்படியே ஒரு சீட்டில் அச்சடித்து கிட்டாரின் வயிற்றுக்குள் ஒட்டிவிட்டார். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பட்டம் வாங்கிய பேருடன் பிறந்த கிட்டார் தமிழ்நாட்டிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்குக் கீழே ஒரு கேள்வி, எந்தக் கை என்று. எனக்குப் பேனா நின்றுவிட்டது அக்கா. அந்தக் கையால் வாங்காதே, அந்தக் கையால் கொடுக்காதே, அந்தக் கையைப் பின்னால் வை என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். உனக்கு எந்தக் கை வேண்டும் என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. "இடது கைன்னா உங்களுக்கு வேலை ஜாஸ்தியா?" என்றேன். ஜெசிந்தா அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், எழுது" என்றார். எழுதினேன். இடது கையால் எழுதினேன்.

எட்டு மாதம் காத்திருந்தேன். வந்தது. வந்த அன்றைக்கு நான் வாசிக்கவே இல்லை, மோந்துதான் பார்த்தேன். ஓட்டையில் மூக்கை வைத்தால் பென்சில் சீவின வாசனையும் கொஞ்சம் கிராம்பு மாதிரி ஒரு வாசனையும் வரும். முகப்பு வெள்ளை மரம், முதுகு ஈட்டி மரம். கழுத்து என் கட்டைவிரல் எங்கே படுமோ அங்கே சரியாக ஒரு நெல் அளவுக்குக் குறுகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் கை தானாகப் போய் உட்காரும். என்னுடைய செருப்புகூட எனக்கு அவ்வளவு பொருந்தினதில்லை.

இன்னொன்று கேளுங்கள். நல்ல மரத்தில் செய்தால் அது பக்கத்தில் கேட்கிற சத்தத்துக்கெல்லாம் பதில் சொல்லும். எங்கள் வீட்டில் அம்மா மிக்ஸி போட்டால் மூலையில் நிற்கிற கிட்டார் மெதுவாக உறுமும். குக்கர் விசில் அடித்தால் மெல்லிய கம்பி ஒன்று ஈ மாதிரி இழுக்கும். அப்பா தும்மினால் ஐந்தாவது கம்பி. ஒவ்வொரு தடவையும் அதே ஐந்தாவது கம்பிதான், நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். அப்பா இப்போது தும்மிவிட்டு கிட்டாரைப் பார்த்து, "ஆங், சொல்லு" என்பார். தீப்பெட்டி ஆபீசில் போய், "எங்க வீட்ல தும்முனாக்கூட தனியா இருக்க முடியாது" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். சாத்தூர் வெயிலுக்கு மரம் காய்ந்து வெடித்துவிடக் கூடாது என்று, ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைத்துப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். அம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "இது குளிக்கவும் செய்யுமா?" என்று கேட்டாள்.

சந்தோஷம் என்றால் இதுதான் அக்கா. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம். என் கை, என் பக்கம், எனக்காகச் செய்தது. வேறு யார் எடுத்தாலும் வாசிக்க வராது. அதுவே ஒரு சந்தோஷம், கொஞ்சம் கெட்ட சந்தோஷம்.

அப்புறம் எதற்கு இன்றைக்கு மலை ஏறுகிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒருத்தர் அதைக் கெடுத்துவிட்டார். கெடுத்துவிட்டார் என்று சொல்லக் கூடாது. சரி பண்ணிவிட்டார். நீங்களே கேளுங்கள்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கோவில்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை பெயர் பாலகுரு. கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. டிப்ளமோ முடித்து, அதற்கு மேல் பி.இ. என்று ஜாதகத்தோடு வந்த தாளில் இருந்தது. அவர் அம்மா செண்பகவல்லி, தையல்காரர், அப்பா இல்லை. கூட ஒரு சித்தப்பா. எங்கள் அம்மா ஒரு வாரத்துக்கு முன்பே என்னைத் தயார்ப்படுத்த ஆரம்பித்துவிட்டாள். தட்டில் ஐந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி வலது கையால் எடுத்து எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். நாலு நாள் பயிற்சி. அப்பாதான் மாப்பிள்ளை வீட்டார். அஞ்சு டம்ளர் தண்ணியையும் குடித்துவிட்டு, "பொண்ணு பிடிச்சிருக்கு, ஆனா வயிறு தாங்காது" என்றார்.

வந்த அன்றைக்குக் காபியெல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன். கடைசியில் வாசல் திரை காற்றில் பறந்து சித்தப்பா முகத்தில் விழுந்தது. நான் சட்டென்று பிடித்தேன். இடது கையால். செண்பகவல்லி அம்மா பார்த்தார்கள். "பொண்ணுக்கு நொட்டாங்கையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். எங்கள் அம்மா, "சேச்சே, எங்க வம்சத்துலயே கெடையாதும்மா" என்றாள். அவ்வளவு வேகமாக அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் எங்கள் இருவரையும் அஞ்சு நிமிஷம் தனியாகப் பேசச் சொன்னார்கள். என் அறையில் கிட்டாரை அம்மா பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய், "இது கிட்டாரா?" என்றார். ஹாஸ்டலில் கொஞ்சம் வாசித்திருக்கிறாராம். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மீட்டினார். எல்லாம் தலைகீழ் அல்லவா, ஆட்டுக்குட்டி மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம். அவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "கம்பியெல்லாம் மாத்திப் போட்டிருக்காங்க. யாருங்க போட்டது? உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம் அக்கா. எனக்காக வருத்தப்பட்டார். கதவுக்கு வெளியே அவர் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், வம்சத்திலேயே கிடையாது என்று அம்மா சொல்லி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் என்ன சொல்வேன்? "ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் ஒரு சந்தேகம்" என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்த ஒன்றுக்கே இவ்வளவும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. காலண்டர் சீசன், ஞாயிறு கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் இருக்கிறார். கூடத்தில் சம்மணம் போட்டு, முன்னால் டூல் பாக்ஸ், மடியில் என் கிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "வா வா, தம்பி காலையில பதினொரு மணிக்கு வந்தது, ஒன் கிட்டாரு கோளாறா இருக்குன்னு" என்கிறாள். பதினான்கு பணியாரம் சாப்பிட்டாராம். கோவில்பட்டியிலிருந்து புதுக் கம்பி வாங்கி வந்து, ஆறையும் கழற்றி வலது கைக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? கழுத்தின் முனையில் ஒரு சின்ன எலும்புப் பட்டை இருக்கும், அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பள்ளம். மெல்லிய கம்பிக்கு வெட்டின பள்ளத்தில் தடிக்கம்பி உட்காரவில்லை. காற்றாலை ஆள் சும்மா விடுவாரா? அரம் எடுத்து ராவிவிட்டார்.

ஜெசிந்தா அக்கா எட்டு மாதத்தில் செய்ததை அவர் ஒரு பகலில் திருப்பிவிட்டார். அவருக்கு எதைப் பார்த்தாலும் சரி பண்ண வேண்டும். அன்றைக்கே எங்கள் வீட்டு பாத்ரூம் தாழ்ப்பாளையும் சரி பண்ணினார். இப்போதும் அருமையாக விழுகிறது.

கோபமா? கோபம்தான். ஆனால் அம்மா எதிரில் இருக்கிறாள். அவர் நிமிர்ந்து, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, "இப்பக் கேளுங்க" என்று வலது கையால் மீட்டினார். அக்கா, என் கிட்டார் அவருக்குப் பாடியது. அழகாகப் பாடியது. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. வேறு யாருக்கும் வராது என்று நினைத்திருந்தேனே. "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவருக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. கட்டைவிரல் நகத்துக்குள் கிரீஸ் இருந்தது, எவ்வளவு கழுவினாலும் போகாதாம். பழைய கம்பிகளைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றையும் வட்டமாகச் சுற்றி, ஒன்று முதல் ஆறு வரை சின்னச் சின்னச் சீட்டு எழுதிக் கட்டி என்னிடம் கொடுத்தார். இதோ, கைப்பையில்தான் இருக்கிறது. இல்லை அக்கா, ஜெசிந்தா அக்காவிடம் காட்ட வேண்டியிருக்குமே என்றுதான் வைத்திருக்கிறேன். கம்பி எல்லாம் கண்ட இடத்தில் போட்டால் கையைக் குத்தும்.

ஐந்து நாள் என்னால் வாசிக்க முடியவில்லை. வலது கையால் முயற்சி பண்ணிப் பார்த்தேன், டம்ளர் பழக்கிய மாதிரி பழக்கிவிடலாம் என்று. வரவில்லை. அப்பா தும்மினால் அது மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கம்பி இடம் மாறிவிட்டாலும் அதேதான் பேசியது, பாவம்.

ஆறாவது நாள் அவருக்கு போன் பண்ணினேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டுதான் பண்ணினேன். "அந்தக் கிட்டார் தப்பா செஞ்சது இல்லைங்க. என் கைக்குச் செஞ்சது. நான் இடது கை" என்றேன். அவருக்குப் பின்னால் காற்று ஊ ஊ என்று கேட்டது. அப்புறம், "நான் ஒங்க கையையேதான் திருப்பிப் போட்டுட்டனோ?" என்றார். எனக்குத் தாளில் அடுத்த வரி என்னவென்று மறந்துபோய்விட்டது. டம்ளர் பயிற்சியைச் சொன்னேன். சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்டார். மூன்று தடவை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "சரி, அம்மாட்ட இப்ப இதச் சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றார்.

மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். அதுவரை நான் என்ன செய்வேன்? அந்த வீட்டில் காய் நறுக்க வேண்டாமா, எழுத வேண்டாமா? இதை எங்கே வைத்து வாசிப்பேன், பீரோவுக்குப் பின்னாலா? ஒரு கையை ஒளித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஒரு வீட்டில் இருக்க முடியும்? எனக்கு அவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, எனக்கு ஒன்றுதான். ஆனால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் அம்மா சரி என்று சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் காலையில் அந்தக் காரியத்தைச் செய்தேன். செண்பகவல்லி அம்மாவுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள், வாறுகால் சாக்கடைக்கு மூடி, ரேஷன் கார்டில் பெயர், எல்லாம். எனக்கு அந்த ஒரு நடைதான் தெரியும். காட்டுகிறேன், சிரிக்கக் கூடாது.

'அனுப்புநர்: கி. ராஜமீனா, பி.எஸ்சி., சாத்தூர். பெறுநர்: உயர்திரு செண்பகவல்லி அம்மா அவர்கள், கோவில்பட்டி. பொருள்: இடது கைப் பழக்கம் – உண்மை நிலை தெரிவித்தல் – தொடர்பாக. மதிப்பிற்குரிய அம்மா, தாங்கள் எங்கள் இல்லத்திற்கு வருகை தந்தபோது கேட்ட கேள்விக்கு என் தாயார் அளித்த பதில் சரியானதல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பிறவியிலேயே இடது கைப் பழக்கம் உடையவள். உண்பது மட்டும் வலது கை. மேலும் என்னிடம் இடது கைக்கென்றே செய்யப்பட்ட கிட்டார் ஒன்று உள்ளது. அதனைத் தொடர்ந்து வாசிக்க விரும்புகிறேன். என் தாயார் பயத்தினால் கூறியதை மன்னித்து, தக்க முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

சிரிக்கக் கூடாது என்றேனே. பழத்தைப் பிடியுங்கள், கீழே விழப் போகிறது.

பதினொரு தடவை திருத்தினேன். காலை ஆறு மணிக்கு மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அனுப்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது எண்பது மீட்டர் உயரத்தில் இருப்பார், மேலே ஏறும்போது போனை அணைத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டுமாம். காமக்காபட்டி வரும்போது பார்த்தேன், இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. படித்துவிட்டார்கள். பதில் இல்லை. அரை மணி நேரமாக இல்லை. அதனால்தான் உங்களிடம் இப்படிப் பேசிக்கொண்டே வருகிறேன். கை பாருங்கள், எப்படிச் சில்லிட்டிருக்கிறது. குளிர் இல்லை அக்கா, இன்னும் டம்டம் பாறைகூட வரவில்லை.

இருங்கள்.

அக்கா, வந்திருக்கிறது. குரல் பதிவு. செண்பகவல்லி அம்மா. மூன்று நிமிஷம் இருபது விநாடி. திட்டுவதற்கு மூன்று நிமிஷம் தேவையா? வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதுமே. இறங்க மாட்டேன் என்கிறது, வட்டம் சுற்றுகிறது. இந்த வளைவில் சிக்னல் இல்லை. அடுத்த வளைவில் வரும். நீங்கள் சொல்லுங்கள், கேட்கட்டுமா, ஜெசிந்தா அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்கட்டுமா? இப்போதேவா? சரி. இதோ, இறங்கிவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன், அவர்கள் சொல்லச் சொல்ல உங்களுக்குச் சொல்கிறேன்.

"தாயி, லெட்டர் வந்துச்சு. கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. எதுத்த வீட்டு டீச்சரக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்." போச்சு. இனிமேல் அந்தத் தெருவுக்கே தெரியும். "டீச்சரு ஒரு தப்புக்கூட இல்லைன்னுட்டா. தங்கள் உண்மையுள்ளன்னு கடைசியில போட்டிருக்கியாமே. எனக்கு இது வரைக்கும் ஒருத்தரும் அப்படிப் போட்டதில்ல." அக்கா, அவர்கள் குரல் கோபமாக இல்லை. "நொட்டாங்கைன்னா எனக்கும் மனசுல ஒரு இது இருக்கத்தான் செய்யுது, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். வெளக்கு மட்டும் வலது கையால ஏத்து தாயி. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம். கிட்டார நடுக்கூடத்துல வச்சே வாசி, நானும் மிஷின்ல உக்காந்து கேக்கேன்."

நடுக்கூடத்தில் வைத்தே வாசி என்கிறார்கள். அக்கா, நடுக்கூடத்தில்.

கொஞ்சம் பொறுங்கள், நிறுத்திவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். விளக்கா? விளக்கு பரவாயில்லை அக்கா, ஒரு விளக்குதானே. சொல்லிவிட்டுக் கேட்கிறார்களே, ஒளிக்கச் சொல்லவில்லையே. இன்னும் பாதி இருக்கிறது.

"நீ உண்மையச் சொல்லிட்ட. நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்க? எங்க பய பி.இ.ன்னு தாள்ல எழுதியிருந்தோம்லா. முடிக்கல தாயி. ஒரு பேப்பர் நிக்கி. எம் த்ரீயாம், அது என்ன எழவோ. ஏழு தடவ எழுதிட்டான். மொதல்லயே சொல்லிருவோம்டான்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னுட்டான். இப்ப நீ முடிவெடு. எங்க மேல வருத்தம்னாலும் நேராச் சொல்லிரு. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

முடிந்தது.

பார்த்தீர்களா. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். எல்லாவற்றுக்கும் அவரிடம் இருக்கிறது அந்த ஒரு வசனம். என் கை விஷயத்தில் என் நல்லதுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தனக்கே ஒன்றை அப்படித்தான் வைத்திருந்திருக்கிறார். பி.இ. என்ற இரண்டு எழுத்தை நான் எத்தனை தடவை அந்தத் தாளில் பார்த்திருப்பேன். ஒரு பட்டம் வாங்க ஒரு வீடு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். அதைப் போய் யாராவது பொய்யாக எழுதுவார்களா?

கோபம்தான் அக்கா. சிரிக்கவில்லை. சரி, சிரிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். எம்-3 என்றால் என்ன தெரியுமா? டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடம் சேருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற கணக்குப் பேப்பர். அதில் பெரிய கேள்வி ஒன்று உண்டு, மார்க் அதிகம். பாடப் புத்தகத்தில் இப்படி வரும்: இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டிய கம்பி ஒன்று. அதன் நடுவைப் பிடித்து மேலே இழுத்து விட்டுவிட வேண்டியது. அப்புறம் எந்த நேரத்தில், எந்த இடத்தில், கம்பி எவ்வளவு தூரம் அசைந்திருக்கும்? இவ்வளவுதான் கணக்கு. கம்பி அக்கா. கிட்டார் கம்பி. என் ஆறு கம்பியையும் கழற்றி மாட்டிவிட்டு, "இப்பக் கேளுங்க" என்று காது சிவக்க உட்கார்ந்திருந்த மனுஷன், கம்பிக் கணக்கில் ஏழு தடவை கோட்டை விட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கல்லூரியில் அதே கேள்விக்கு முழு மார்க். கம்பியைப் பிடித்து இழுத்து விட்டால் அதற்குள் பல சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும், அதைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் வேலை. புத்தகத்தில் படிக்கும்போது அவருக்குப் புரிந்திருக்காது. மடியில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காட்டினால் பத்து நாளில் புரிந்துவிடும். கூடத்தில் எதிரில் உட்கார வைத்தால் போதும். நான் இடது, அவர் வலது, கண்ணாடி மாதிரி.

இல்லை அக்கா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

இருங்கள், ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிவிடுகிறேன். அவருக்குத்தான். எலும்புப் பட்டை இன்றைக்கே மாற்றியாக வேண்டும், அதில் மாற்றம் இல்லை. கிட்டார் என் பக்கமே திரும்பி வரும். அதையும் எழுதிவிடுகிறேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் போடவில்லை. அவ்வளவு நீளம் வேண்டாம். 'அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. எம்-3 புத்தகம் கையில இருக்கா? இல்லேன்னா என்கிட்ட பழசு இருக்கு. மறுபடி எழுத எப்ப ஃபீஸ் கட்டணும்னு விசாரிங்க.' போதுமா? ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்லுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் எனக்கு மனசு கேட்காது. சரியாக இருக்கிறதா? அனுப்பிவிட்டேன். திருத்தவே இல்லை பார்த்தீர்களா.

ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. மேலே இருக்கிறார். இறங்கி வந்து பார்க்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சம்மதம் எதுவும் சொல்லவில்லை அக்கா. புத்தகம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.